ஈயம் தைத்த அங்கி

ஈரத் துணி எவ்வளவு கனக்கும் என்பது துவைத்துப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோதே கோட்டைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வாளி சுமந்து சுமந்து என் இடது தோள் கீழே இறங்கிவிட்டது. பின்னாலிருந்து பார்த்தால், நான் எதன்மீதோ சாய்ந்து நிற்பதுபோலத் தெரியும். என்னைப் பற்றி முதலில் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

இளவரசி யெலிசவா பிறந்தபோது அவள் துணிகளைத் துவைக்க அனுப்பப்பட்டேன். போகப் போக உடுத்திவிடுவதும் என் வேலையாயிற்று. அவள் தாயார் ஆண்டில் பாதியை வெந்நீர் ஊற்று ஊர்களில் கழிப்பார். மீதிப் பாதியில் அவருக்குத் தலைவலி. யெலிசவா தன் முதல் பல்லை என் மடியில்தான் துப்பினாள். அதற்காக அவள் எனக்குச் சொந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அந்த அளவுக்குப் புத்தி உண்டு.

அக்கரை மன்னரின் மகனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மணப்பெண்ணை ஒப்படைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்று நடுத் திட்டில், இரண்டு வாசல் வைத்து ஒரு மரக்கூடம் கட்டுவார்கள். பெண் எங்கள் வாசலில் நுழைந்து, எங்கள் நாட்டுத் துணியை உள்ளாடை வரை கழற்றிப் போட்டுவிட்டு, அவர்கள் தைத்து வைத்திருப்பதை உடுத்தி, மறு வாசலால் வெளியேற வேண்டும். கூட வந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். இந்த முறை அக்கரைக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ஓர் உயிரை மட்டும் அவள் தன்னோடு கூட்டிப் போகலாம், அதுவும் அவர்கள் கொடுப்பதை அணிந்துகொண்டு.

எந்த உயிர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவளிடம் பீகோ என்று ஒரு நாய்க்குட்டி இருந்தது. மடியைவிட்டு அதை இறக்கவே மாட்டாள்.

"என்ன மந்தா, நாய்க்கு அரண்மனை, உனக்குப் பழையபடி சலவைத் தொட்டியா?" என்றான் வண்டிக்காரன் யுரென். "நீ நாயாப் பொறந்திருக்கலாம்."

"பொறந்திருந்தா முதல்ல உன்னத்தான் கடிச்சிருப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். நான் அறைக்குள் நுழைந்தால் அவளும் மூத்த தோழி தெரேசியாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது தெரேசியா நூலோடு வந்து என் முதுகை அளந்தாள். "அசையாம நில்லு. குளிர்ல திரும்பி வரணுமே, உனக்கு ஒரு கோட்டு வேணாமா?" என்றாள். ஆக, என்னைத் திருப்பி அனுப்புவது முடிவாகிவிட்டது. கோட்டும் வந்தபாடில்லை.

பயணத்தில் எங்கள் வண்டி ஊர் ஊராக நின்று நின்று போயிற்று. நின்ற இடமெல்லாம் தேவாலய மணியும் வாழ்த்துரையும். வண்டிக்குள் அவளுக்குப் பொழுது போக வேண்டுமே.

"மந்தா, ரொட்டிய அவங்க ஊர்ல என்னன்னு சொல்லுவாங்க? சொல்லு பாப்போம்."

அவள் சொல்லிக்கொடுத்திருந்தபடி சொல்வேன்.

"ஐயோ, மாடு தும்முற மாதிரி இருக்கு. இன்னொரு தரம் சொல்லு. தண்ணி? உப்பு? சரியா வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

அக்கரைப் பேச்சைத் தான் பழகிக்கொள்ள அவளுக்கு என் வாய் தேவைப்பட்டது. கூடவே சிரிக்கவும்.

கடைசிச் சத்திரத்தில் வண்டிக்காரனிடம் கேட்டாள்: "யுரென், உன் பொண்டாட்டிக்கு நாய்னா பிடிக்குமா?"

"என்னையே வச்சுக் காலம் தள்றா, அம்மணி. நாய் எம்மாத்திரம்?"

அவள் சிரித்தாள். சிரித்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையையும் நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை தலைவாரும்போது நேராகவே கேட்டேன். "நாளைக்கு என்னை எங்க விட்டுட்டுப் போறீங்க, அம்மணி?"

"நாளைக்குத் தன்னால தெரியும். கிழவி மாதிரித் தொணதொணக்காத" என்று என் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் சிரிப்பில் குலுங்கிற்று. பிரியப்போகிறவளுக்குச் சிரிப்பு வருமா, ஐயா? நீங்களே சொல்லுங்கள்.

காற்றில் பறக்காமலிருக்க அங்கி ஓரத்தில் ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்பது அரச வீட்டு வழக்கம். மறுநாள் காலை கொஞ்சம் கூடுதலாகத் தைத்தேன். ஆற்றில் காற்று அதிகம். திட்டில் இறங்கியதும் கழற்றி எறியப்போகிற அங்கிக்கு எதற்குத் தையல் பெட்டியில் இருந்த ஈயம் மொத்தமும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. கழுத்துக் கொக்கியையும் நூல் ஓட்டி இறுக்கினேன். அது வழக்கத்தில் இல்லாதது. ஒத்துக்கொள்கிறேன்.

பனி உருகி ஆறு கலங்கிப் பெருகிக் கிடந்தது. படகிலிருந்து திட்டின் படியில் அவள் கால் வைக்கும்போது, அங்கியின் பின்தொங்கலைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. தூக்கவில்லை. மிதித்தேன். கால் வழுக்கியது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

படகுக்கும் படிக்கும் நடுவில் விழுந்தாள். "மந்தா" என்றாள். அலறவில்லை, முதுகுப் பக்கத்து முடிச்சை அவிழ்க்கக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில்தான் கூப்பிட்டாள். அவள் விரல்கள் கழுத்தில் கொக்கியைத் தேடின. நான் போட்ட தையல் என்றைக்கும் பிரிந்ததில்லை. படகோட்டி நீட்டிய கழி எட்டவில்லை. நான் குறுக்கே நின்றிருந்தேன்.

அந்தக் கூடத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் அவளைத் துணியில்லாமல் நிறுத்தியிருப்பார்கள். அது நடக்கவில்லை. நான் உடுத்திவிட்ட துணியோடுதான் போனாள். அதை நினைத்தால் மனசு ஆறத்தான் செய்கிறது.

நேற்று நீங்கள் கூடத்திலிருந்து எடுத்துவந்த இரண்டு உடுப்புகளைக் காட்டினீர்கள். ஒன்று வெள்ளிச் சரிகை போட்டது, அவளுக்கு. மற்றது சாம்பல் நிறக் கம்பளி, பணிப்பெண் உடுத்துவது. போட்டுப் பார் என்றீர்கள். போட்டேன். கை, இடுப்பு, நீளம், எல்லாம் சரியாக இருந்தன. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பின்படகில் வருவதாக நான் நினைத்திருந்த நாய், அந்தக் கடைசிச் சத்திரத்து முற்றத்திலேயே யுரென் கைக்குப் போய்விட்டது என்றும் சொன்னீர்கள்.

இதிலெல்லாம் என்ன இருக்கிறது? என் அளவில் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள். என்னைக் கூட்டிப் போவதாக இருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

அந்த உடுப்பில் இடது தோளை மட்டும் கொஞ்சம் தாழ்த்தி வெட்டியிருக்கிறார்கள். அக்கரைத் தையல்காரர்களுக்கு நேராக வெட்டத் தெரியாது, ஐயா. அவ்வளவுதான்.