கிணற்றுக்கு வந்த கடல்

பள்ளிக்கூடத்துப் படிப்போடு நின்றவன் நான். பேருந்தில் காதில் விழுந்ததை எழுதலாமா என்றும் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரக்காணத்தில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே உப்பளம்.

“கடலு நம்ம கெணத்துக்கே வந்துட்டுதுய்யா,” என்றாள் அந்த அம்மாள். “பருப்பு வேகல. நெல்லு கருகுது.”

“மெதுவா பேசு.”

“பூமித் தண்ணிய ஆராயுற சாரு போன வருசமே சொன்னாரு இல்ல? அடியில உப்புத் தண்ணி இருக்குது, ராவும் பகலும் மோட்டார் ஓட்டுனா மேல ஏறிடும்னு. அவரு சோதிக்கத் தண்ணி புடிச்சப்ப, எங்க கெணத்துல சாராயமா ஊறுது, பாட்டில்ல புடிக்கிறியேன்னு நீதான அவரக் கேலி பண்ணின.”

“அந்தாளத்தான் இன்னிக்கு ஆபீசுல தேடினோமே. வேற ஜில்லாவுக்கு மாத்திட்டாங்களாம்.”

“அவரு சொன்னது இங்கதான இருக்குது. மோட்டார நிறுத்துய்யா.”

“நான் நிறுத்துனா பக்கத்துக் கொல்லைக்காரன் நிறுத்துவானா? மிச்சம் இருக்கிற நல்ல தண்ணியையும் அவன் இழுத்துக்குவான்.”

சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் இறங்கி, இருவரும் தங்கள் கொல்லைக்குள் நடந்தார்கள்.

மறுநாளும் அதே பேருந்தில் போனேன். அவர்கள் கொல்லையிலும் பக்கத்துக் கொல்லையிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.