வல்லாரைக்கு விட்ட வாயு

டூட்டிங் கடைகளில் நீங்கள் வல்லாரை வாங்கியிருந்தால், அது அநேகமாக எங்களுடையதுதான். பிளேஸ்டோவில், யன்னல் இல்லாத ஒரு பண்டகசாலைக்குள் விளக்கு வெளிச்சத்தில் தட்டுகளில் வளர்ப்பது. நான் சொல்வதை உங்கள் பொலிஸ் அறிக்கைக்கு மொழிபெயர்ப்பவர் ஆறுதலாக எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

ஈரம், சூடு எல்லாவற்றையும் சென்சர்கள் அளக்கும். கமரா பூட்டிய சின்ன ரோபோ ஒன்று தட்டுகளுக்கு நடுவே ஓடி இலைகளைப் பார்த்துவரும். காலையில் கரியமில வாயுவைத் திறந்துவிட்டால் வல்லாரை மளமளவென்று வளரும். அது காற்றைவிடப் பாரமானது, முதலில் தரையில்தான் தேங்கும். கூடினால் அடிக்கும் அலாரத்தையும் அதனால்தான் தரையோரமாகப் பூட்டியிருந்தார்கள்.

எட்வேட் என் கூடப்பிறந்த அண்ணன். இலை பறிக்குமுன் முதல் தட்டின் முன்னால் முழந்தாளில் நின்று செபம் சொல்லுவார். அலாரம் அந்தத் தட்டின் அடியில்தான், அவருடைய மூச்சுப் பட்டே அடிக்கும். தினமும் இந்தத் தலையிடி வேண்டாமென்று அதை நிறுத்திவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்.

வழக்கமாக அவர் வெளியே வந்த பிறகுதான் வாயுவைத் திறப்பேன். ஆனால் நவம்பர், கத்தோலிக்கரான எங்களுக்கு இறந்த ஆன்மாக்களின் மாதம். சின்னச் செபம் முழுச் செபமாலையாக நீண்டது. இலைகள் சிறுத்துப்போவதை வெளியே இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குச் சரியான எரிச்சல், அதை ஏன் மறைக்க.

அன்று மைக்கில் கூப்பிட்டேன். "அண்ணை, கெதியா முடிச்சிட்டு வாங்கோ. காஸ் திறக்கோணும்."

"அம்மாவுக்கும் ஐயாவுக்கும் சொல்லுறன், கிளறிற்றா தங்கச்சி. கொஞ்சம் பொறு."

"ஓம்" என்றேன்.

பொறுக்கவில்லை. அவர் முழந்தாளில் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டே திறந்தேன். பிந்தியதை ஈடுகட்ட, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்தேன்.

சற்று நேரத்தில் ரோபோ நின்றது. பாதையில் தடை என்று திரையில் வந்தது. கமராவில் அண்ணனின் கை தெரிந்தது, விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. விலகிப் போவதா, உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதா என்று ரோபோ கேட்டது. விலகிப் போ என்று அழுத்தினேன். அது சொன்னபடி அவரைச் சுற்றிக்கொண்டு போனது. நான் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

அழவில்லையா என்று கேட்டீர்கள். வரவில்லை, என்ன செய்ய. ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனைச் சாகவிட வேண்டுமென்று நான் நினைக்கவேயில்லை. கதவைத் திறந்தால் அவ்வளவு வாயுவும் வீணாகப் போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.