பத்தொன்பதாம் நாள் தலை

யுங்சிங்: ரெண்டு நாள்தான்க்கா. சளி பிடிச்சிருந்துச்சு. அதான் தலைக்கு ஊத்தல.

சியூலான்: ரெண்டு நாளா... குனியாதே கண்ணு, நேரா உக்காரு. இருபத்தாறு வருஷமா இந்தத் தைனான் ஊர்ல தலை கழுவி விடறேன். ரெண்டு நாள் தலைன்னா சீப்பு போகும்.

யுங்சிங்: அப்ப... நாலு நாள்.

சியூலான்: ம்.

யுங்சிங்: ஒரு வாரம்.

சியூலான்: ஏலம் போடாதே. இது என்ன வெள்ளையா?

யுங்சிங்: பொடுகா இருக்கும்.

சியூலான்: பொடுகு மணக்காது. இது குழந்தைப் பவுடர்.

யுங்சிங்: அது... குழந்தைக்குப் போடறப்ப பட்டிருக்கும்.

சியூலான்: வர்றப்ப தலையில கம்பளித் தொப்பி, கால்ல ரெண்டு ஜோடி சாக்ஸ். வெளியில மண்டை பிளக்கற வெயில். குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆச்சு?

யுங்சிங்: பத்தொம்போது.

சியூலான்: ஆக, பிள்ளை பெத்தவ வீட்டோட இருக்கற மாசம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. தலையில தண்ணியே படக் கூடாது.

யுங்சிங்: என்னைத் திருப்பி அனுப்பிடாதீங்கக்கா. அரிப்புல தூக்கமே இல்ல. குழந்தை தூங்குது, நான் எழுந்து உக்காந்து சொறியறேன். நேத்து நகத்துல ரத்தம்.

சியூலான்: காட்டு... ஆமா, மூணு இடத்துல கீறி வெச்சிருக்கே. பவுடர் யார் போடச் சொன்னா?

யுங்சிங்: எண்ணெயை உறிஞ்சும்னு ஃபோன்ல பாத்தேன்.

சியூலான்: உறிஞ்சும். உறிஞ்சிட்டு எங்க போகும்? அங்கேயேதான் குந்தியிருக்கும். எண்ணெய், வேர்வை, பவுடர், மூணும் சேர்ந்து பசை. இதை முகத்துல பூசிட்டு பத்தொம்போது நாள் இருப்பியா?

யுங்சிங்: சீ.

சியூலான்: நெத்தித் தோல்தானே அப்படியே மேல ஏறித் தலையாகுது? முடி மூடியிருக்கறதால நமக்கு மறந்து போகுது. அந்த எண்ணெயைத் தின்னே பிழைக்கிற கிருமி ஒண்ணு எல்லார் தலையிலும் உண்டு...

யுங்சிங்: என் தலையிலயுமா?

சியூலான்: ராணி தலையிலயும். அளவா இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். நீ அதுக்குப் பத்தொம்போது நாள் விருந்து போட்டிருக்கே. அது தின்னு கழிக்கறதுதான் உனக்கு அரிக்குது.

யுங்சிங்: அக்கா, பேசிக்கிட்டே கழுவுங்களேன். மாமியார் மீன் வாங்கப் போயிருக்காங்க. ஒரு மணி நேரந்தான் இருக்கு.

சியூலான்: மீனா... இன்னைக்கா?

யுங்சிங்: ஆமா. வர ஒரு மணி நேரம் ஆகும்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனாங்க. குழந்தையை அவரு பாத்துக்கறாரு.

சியூலான்: அவங்களுக்குத் தெரிஞ்சா?

யுங்சிங்: ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி ஒண்ணாம் நாள்ல இருந்து எண்ணணுமாம். முதல்ல இருந்து முப்பது நாள், ஜன்னலை மூடிக்கிட்டு. மூணு வேளையும் எள்ளெண்ணெய்க் கோழி.

சியூலான்: கோழி உடம்புக்கு நல்லதுதானே.

யுங்சிங்: அம்பத்தேழு வேளை ஆச்சுக்கா.

சியூலான்: ம்... என் கடையைப் பத்தி யார் சொன்னது?

யுங்சிங்: மாமியார்தான்... என்கிட்ட இல்ல. நேத்து ஃபோன்ல யார்கிட்டயோ சத்தமா சொல்லிட்டிருந்தாங்க. சியூலான் கழுவினா கழுத்துல ஒரு சொட்டு வழியாதுன்னு.

சியூலான்: வழியாது. அதுக்குத்தான் உக்கார வெச்சே கழுவறது. ஷாம்பூவை நேரா மண்டையில ஊத்தக் கூடாது. ஒரே இடத்துல தேங்கி எரியும், அதுலயும் உனக்குக் கீறல் வேற. முதல்ல கையில... பாரு, இப்படி. அப்புறம் இந்தப் பாட்டில்ல இருந்து தண்ணி, துளித் துளியா. நுரை மேலதான் ஏறும், கீழ இறங்காது.

யுங்சிங்: ஆ... அக்கா...

சியூலான்: வலிக்குதா?

யுங்சிங்: இல்ல. நிறுத்தாதீங்க.

சியூலான்: அழாதே, கன்னத்துல தண்ணி வழியக் கூடாது. கவனி, இது நகம் இல்ல, விரல் நுனிச் சதை. முடியைத் தேய்க்கறதே இல்ல. தோலைப் பிடிச்சு எலும்பு மேல நகத்தணும். நுரை வழிஞ்சு போறப்ப முடி தானா சுத்தமாயிடும்.

யுங்சிங்: என்னக்கா, இஞ்சி வாசனை அடிக்குது?

சியூலான்: புது ஷாம்பூ.

யுங்சிங்: தண்ணியில இருந்துல்ல வருது?

சியூலான்: கண்ணை மூடு, நுரை போயிடும்... உங்கம்மாகிட்ட சொல்லலாமே, மாமியார் இப்படின்னு.

யுங்சிங்: அம்மா பாவம், ஹுவாலியன்ல இருக்காங்க. தினம் மாமியாருக்கு ஃபோன் போட்டு அரை மணி நேரம் பேசறாங்க. எனக்காகத்தான் கெஞ்சறாங்க போல. இவங்க ‘சரி, சரி’ன்னு கேட்டுட்டு வெச்சிடறாங்க. முகத்துல ஒரு அசைவு இருக்காது. கல் நெஞ்சு.

சியூலான்: யாரு?

யுங்சிங்: மாமியார்தான்.

சியூலான்: ம். எழுந்திரு, அலசலாம்... மெதுவா. தொட்டி அந்தப் பக்கம்.

யுங்சிங்: ஏன்க்கா, ஷட்டர் பாதி இறக்கியிருக்கு? ஆளே காணோம். ஃபேன்கூடச் சுத்தல.

சியூலான்: காத்து வரும்.

யுங்சிங்: காத்து வரத்தானேக்கா ஃபேன்...

சியூலான்: தலையைக் குனி. சூடு போதுமா? காதுக்குப் பின்னாடி, பிடரி, இங்கெல்லாம் நுரை ஒளிஞ்சிருக்கும். அதை விட்டுட்டாலும் அரிக்கும். தேய்க்கற நேரத்தைவிட அலசற நேரம் கூட இருக்கணும்.

யுங்சிங்: இப்ப கழுவினா முடியெல்லாம் கொட்டிடும்கறாங்களே?

சியூலான்: கழுவாட்டியும் கொட்டும்.

யுங்சிங்: என்னக்கா இப்படிச் சொல்றீங்க!

சியூலான்: வயித்துல குழந்தை இருந்தப்ப முடி அடர்த்தியா இருந்துச்சா?

யுங்சிங்: ஆமா, எல்லாரும் சொன்னாங்க.

சியூலான்: அது புது முடி இல்ல. விழ வேண்டிய முடி விழாம நின்னுச்சு. குழந்தை பிறந்து மூணு மாசம் போல ஆனா, நின்னதெல்லாம் சேர்ந்து விழும். கொத்துக் கொத்தா வரும், பயப்படாதே. வேர் உள்ளதான் இருக்கு, மறுபடி முளைக்கும். அன்னைக்கு வந்து என்னைத் திட்டக் கூடாது.

யுங்சிங்: மணி என்னக்கா?

சியூலான்: இருபது நிமிஷம் இருக்கு. முதல்ல வேரைக் காய வைக்கணும், நுனி அப்புறம். எல்லாரும் நுனியைக் காய வெச்சுட்டு எழுந்துடறாங்க. ஈரத் தோல் மேல தொப்பி போட்டா நாளைக்கே நாறும். டிரையர் ஒரு சாண் தள்ளி இருக்கணும், ஒரே இடத்துல நிக்கக் கூடாது... எங்கயாச்சும் ஈரம் இருக்கா, தொட்டுப் பாரு.

யுங்சிங்: இல்ல... அக்கா, என் தலை எடையே இல்லாம இருக்கு.

சியூலான்: ஒரு கிலோ இறக்கியிருக்கேன். நகத்தை வெட்டிக்கோ. பவுடர் குழந்தைக்கு மட்டும்.

யுங்சிங்: மோந்து பாருங்க, ஷாம்பூ வாசனை வருதா?

சியூலான்: வராது. வாசனை இல்லாததாப் பாத்துப் போட்டேன்.

யுங்சிங்: அப்ப அந்த இஞ்சி...? சரி, நேரமாச்சு. தொப்பியைக் குடுங்க. அக்கா, எங்க மாமியார் இங்க வந்து கேட்டா நான் வரவே இல்லைன்னு சொல்லிடுங்க. சத்தியமா சொல்லக் கூடாது.

சியூலான்: சொல்லல. உன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் அவங்க கேட்டுக்கிட்டாங்க... ராத்திரி நீ சொறியற சத்தம் அவங்க ரூம் வரைக்கும் கேக்குதாம். காலையில, உனக்குக் குளிர் ஏறக் கூடாதுன்னு இஞ்சித் தண்ணியைக் கொதிக்க வெச்சு ரெண்டு பிளாஸ்க்ல கொண்டாந்து, காத்து படாம பாத்துக்கோன்னு சொல்லி, லீவு நாள்ல என் கடையைத் திறக்க வெச்சுட்டாங்க. உங்கம்மா ஃபோன்ல கெஞ்சல கண்ணு, உன் தலையில தண்ணி படக் கூடாதுன்னு மிரட்டறாங்க. அந்த ஒண்ணாம் நாள் கணக்கே அவங்க போட்டதுதான். திங்கக்கிழமை மீன் சந்தை ஏது? உன் மாமியார் எதிர்ல கஞ்சிக் கடையில வெறுங்கூடையோட உக்காந்திருக்காங்க. அந்தப் பக்கம் பாக்காம வேகமாப் போ, நீ வீடு போய்ச் சேர்ந்தாதான் அவங்க எழுந்திரிக்க முடியும்.