விலாவில் இருந்த துளை

எனக்குத் தராசு என்றால் சின்ன வயதிலிருந்தே பிரியம், சார். கோட்டாறு கடைத்தெருவில் எங்களுக்குப் புளிக்கடை. மற்ற பிள்ளைகள் பம்பரம் விட்ட வயதில், தட்டில் எதை வைத்தால் முள் எங்கே போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தட்டின் அடியில் நெல்லிக்காய் அளவு புளி ஒட்டியிருந்தால் போதும். வாங்குகிறவர் முள்ளைத்தான் பார்ப்பார், குனிந்து தட்டின் அடியைப் பார்க்க மாட்டார். எங்கள் அப்பா அப்படியெல்லாம் செய்ததில்லை என்று இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

என் பெயர் சுயம்பு. ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில், எங்கள் பழைய செங்கல்சூளை நிலத்தில் ஓடுபாதை போட்டு, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வைத்திருந்தோம். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி, கடலையும் மலையையும் காட்டி இறக்கிவிடுவது தொழில். நிலம் என்னுடையது. ஓட்டியவன் இனயம் கடற்கரைக்காரன் டெல்வின். ஆயுதபூஜை அன்று அவன் விழுந்து செத்தான். விமானத்துக்குச் சந்தனம் வைத்தவள் என் தங்கை சபிதா. ‘நான்தான் கொன்னேன்’ என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடக்கிறாள். அவள் சொன்னது தப்பு. அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

விமானம் தன் வேகத்தை எப்படி அறிகிறது என்று எனக்குச் சொல்லித்தந்தவனே டெல்வின்தான். இறக்கைக்கு அடியில், முன்பக்கம் பார்த்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருகிற காற்று அதில் முட்டும். விலாவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அங்கே காற்று முட்டாது. சுற்றிலும் சும்மா இருக்கிற காற்றின் அழுத்தம் மட்டும் உள்ளே போகும். முட்டுகிற காற்றுக்கும் சும்மா இருக்கிற காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம். உயரம் அறிய அந்தத் துளை மட்டும் போதும். மேலே போகப்போக அழுத்தம் குறையும், உயரத்தின் முள் ஏறும்.

“அப்போ இதும் தராசுதானேடே?” என்றேன்.

“தராசேதான் அண்ணாச்சி. ஒரு தட்டு முன்னால, ஒரு தட்டு விலாவுல.”

“விலாவுல உள்ளது அடைஞ்சிட்டா?”

“தரையில உள்ள காத்து உள்ளேயே கெடக்கும். வண்டி எவ்வளவு ஏறினாலும் உயரம் காட்டாது. வேகம் வேற, கொறையாமலே கொறஞ்சதா காட்டும். தரையில ஓடும்போ எல்லாம் சரியா இருக்கும், மேல போன பொறவுதான் ஏமாத்தும்.” அவன் சிரித்தான். “ஒங்க கடைத் தராசு மாதிரி.”

நானும் சிரித்தேன். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

நம் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலை மறைவில் சட்டென்று நின்றுவிடும். அப்போது விமானத்தின் வேகம் விழும். வேகம் போனால் இறக்கை தாங்காது. ஆகையால் டெல்வினுக்கு ஒரு பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. வேகத்தின் முள் சரிந்தால், யோசிக்கும் முன்பே மூக்கைக் கீழே அழுத்திவிடுவான். வேறு ஊரில் ஓட்டிப் பழகியவன் என்றால் முள்ளை ஒரு கணம் சந்தேகப்பட்டிருப்பான். இவன் இந்தக் காற்றிலேயே பழகியவன்.

சபிதாவும் அவனும் விரும்பினார்கள். அவன் கிறிஸ்தவன், கடற்கரைக்காரன் என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை, சார். அவன் அம்மை கிளாரா வைத்த மீன்கறியை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றவன் நான். எனக்குப் பட்டது வேறு. ஒருநாள் வந்து முன்னால் நின்றான்.

“அண்ணாச்சி, நான் கேக்கதுக்கு வரேல்ல. சொல்லதுக்கு வந்தேன். தை மாசம் கல்யாணம் கெட்டுதோம். பொறவு மாலத்தீவுல வேலை, ரெண்டுபேரும் போறோம்.”

நான் முடியாது என்று சொல்ல வேண்டும், அவன் கெஞ்ச வேண்டும், நான் கொஞ்சம் இறங்க வேண்டும், இடையில் எங்கேயாவது இரண்டு பேரும் நிற்க வேண்டும். நாங்கள் வளர்ந்த முறை அது. கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவோம். முடியாது என்று சொல்வதற்குக்கூட அவன் எனக்கு இடம் வைக்கவில்லை. சரி, தங்கையிடம் பேசிப் பார்த்தேன். இரண்டு வருஷம் பொறு என்றேன். பிறகு நானாகவே ஒரு வருஷத்துக்கு இறங்கினேன்.

“நீ என்ன, சந்தையிலயாண்ணே நிக்க?” என்றாள் சபிதா. “நான் என்ன புளியா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். ஒரு முடிவுக்கு வர எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பூஜையன்று வைத்த சந்தனத்தை மறுநாள் வரை யாரும் துடைக்க மாட்டார்கள். டெல்வின் காலையிலேயே விமானத்தைச் சுற்றிவந்து, குழாய், துளை, சக்கரம் எல்லாம் பார்த்து முடித்தான். அதன் பிறகுதான் பூஜையை வைத்தேன். சந்தனத்தில் கொஞ்சம் பசை சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து சபிதாவிடம் கொடுத்தேன்.

“விலாவுல வரிசையா வை மக்கா. இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இங்க.”

நான் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் அவள் வைத்தாள். துளையின் மேல் விழுந்த பொட்டுதான் நல்ல வட்டமாக வந்தது. அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள்.

டெல்வின் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “எங்கம்மை கண்டா விமானத்த மாதா குருசடிக்கு இழுத்துட்டுப் போயிருவா,” என்றான்.

“அவ ஆசையா வச்சதுடே. அழிச்சிராத.”

“அழிப்பனா அண்ணாச்சி?”

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சபிதா பக்கத்து இருக்கையில் ஏறப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பூஜை முடிந்த முதல் ஓட்டத்தில் பெண்கள் ஏறக்கூடாது என்று, நின்ற இடத்திலேயே ஒரு சாஸ்திரம் செய்தேன்.

“அப்படி ஒரு சாஸ்திரம் உண்டா?” என்றாள்.

“அண்ணாச்சி சொன்னா உண்டு,” என்றான் டெல்வின். “நீ இரி. ஒரு சுத்து போயிட்டு வந்து ஏத்துதேன்.”

அவன் என் பேச்சை மறுக்காமல் எடுத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஓடும்போது முள் ஒழுங்காக ஏறியிருக்கும். தரையை விட்டு எழுந்ததும் சரிய ஆரம்பித்திருக்கும். மூன்று பனை உயரம் போயிருப்பான். மூக்கு தாழ்ந்தது. கொஞ்சம் நிமிர்ந்து, மறுபடியும் தாழ்ந்தது. எஞ்சின் கடைசி வரை நல்ல சத்தத்தோடுதான் ஓடியது. கால்வாய்க் கரையில் போய் முட்டினான். சபிதாவின் மணிக்கட்டு அப்போதும் என் கையில்தான் இருந்தது. சும்மா பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் யோசித்தேன். அவளை ஏறவிடாமல் பிடித்த அந்தக் கை இருக்கும்போது அந்தப் பேச்சு நிற்காது.

விசாரிக்க வந்தவர்கள் துளையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கண்டார்கள். அறியாமல் நடந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது என்ன துளை என்று சபிதா அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

“அண்ணே, அது என்ன துளைண்ணு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாது மக்கா.”

நம்பினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தின்னவும் இல்லை. கையில் ஏற்றுகிற குளுக்கோஸ் ஊசியையும் பிடுங்கிப் போடுகிறாள். இனி மருந்தால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை, அவளாக மனசு வைத்தால்தான் உண்டு என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள். டெல்வினைக் கொன்றவன் நான். தெரிந்துதான் கொன்றேன். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஒரே ஒரு காரியம் மட்டும், சார். சபிதாவிடம் இதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். உனக்காகத்தான் அண்ணன் இதைச் செய்தான் என்று முதலில் சொல்லுங்கள். அதைக் கேட்டால் எழுந்து சாப்பிட்டுவிடுவாள்.