மாலை ஐந்து மணிக்கும் காலை வணக்கம்

ஷோவா 62, அதாவது 1987, அக்டோபர் மாதம். டோக்கியோ, செத்தகாயா பகுதிக் காவல் நிலையத்தில் அதிகாரி மகிதா அம்மையார் முன்னிலையில் நான் சொல்வதாவது:

என் பெயர் தெஷிமா கஸுயே. தொழிலுக்காக வைத்த பெயர் மினாசே ருகா. வயது இருபது. பாட்டும் நடிப்பும் தொழில். சொந்த ஊர் தொயாமா மாகாணத்து ஹிமி துறைமுகம். அங்கே என் தாயார் தெஷிமா நொபு முடிதிருத்தும் கடை நடத்திவருகிறார். இன்றுவரை குடியிருந்தது, என்னைப் பாடகியாக வைத்திருக்கும் கம்பெனியின் முதலாளி குராமொச்சி அவர்களின் வீட்டு மாடியறை. இனித் தங்கப்போகும் விலாசத்தை அதிகாரியிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். வாயால் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

நான் சென்ற வருடம் வசந்தத்தில் பாடகியாக அறிமுகமானேன். இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. பெரிய கடைகளின் மொட்டைமாடியில் பீர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்ட மேடையில் நின்று பாடி, அதன் பிறகு தட்டு வாங்கியவர்களுக்கு வரிசையாகக் கை கொடுப்பது என் வேலை. அப்படிக் கை கொடுத்தவர்களில் இன்று ஸ்டூடியோவில் பிடிபட்ட ஆளும் இருந்தார் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கைகளைப் பார்த்துப் பார்த்து முகங்களைப் பார்க்க மறந்துபோயிருந்தேன். இரண்டாவது தட்டு விலைபோகாததால் முதலாளி என்னை ஒரு தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகியின் தங்கையாக நடிக்க அனுப்பினார். இந்தக் கோடையிலிருந்து அந்த ஸ்டூடியோவுக்குப் போய்வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு ஒருவரை முதன்முதலாகப் பார்க்கும்போது, பொழுது எதுவானாலும் 'காலை வணக்கம்' என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்தாலும் அதுதான், விளக்கு வைத்த பிறகு வந்தாலும் அதுதான். மாலையில் 'மாலை வணக்கம்' என்று ஒருவர் சொன்னால் அவர் வெளியாள் என்று வாயிற்காவலருக்கே தெரிந்துவிடும், அனுமதிச் சீட்டைக் காட்டு என்பார். 'காலை வணக்கம்' என்று சொன்னவரை நிறுத்தி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

செப்டம்பரில் ஒரு மாலை ஐந்து மணிவாக்கில் படிக்கட்டில் ஒருவர் ஒதுங்கி நின்று எனக்கு 'காலை வணக்கம்' சொன்னார். கழுத்தில் வெள்ளைத் துண்டு, இடுப்பில் ஒட்டுநாடாச் சுருள், காலில் சத்தம் எழாத ரப்பர் செருப்பு. நானும் வணங்கினேன். அதன் பிறகு தினமும் அவரைப் பார்த்தேன். கேபிள் சுருட்டுவார், நாற்காலி தூக்குவார், எல்லோரோடும் வரிசையில் நின்று சோற்றுப்பெட்டி வாங்கிச் சாப்பிடுவார். ஒப்பனை செய்யும் சட்சுகோ அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்.

"யாருக்கா அந்தத் துண்டுக்காரரு?"

"விளக்குப் பிரிவு ஆளுடி. ஏன் கேக்குற, புடிச்சிருக்கா?"

பக்கத்தில் நின்ற உதவி இயக்குநர் நுமாதா குறுக்கே விழுந்து சொன்னார்: "விளக்கா? சாமான் பிரிவுன்னுல்ல நான் நெனச்சேன். எவனா இருந்தா என்னக்கா, வாயத் தொறக்காம வேலை பாக்குறான். உங்க பிரிவுல அப்பிடி ஒருத்தரக் காட்டுங்க பாப்போம்."

சாமான் பிரிவினர் அவரை எங்கள் கம்பெனி ஆள் என்று நினைத்திருந்தார்களாம். கல்யாண வீட்டில் ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவனை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவு என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உறவு என்றும் நினைத்துப் பந்தியில் உட்காரவைத்த கதைதான்.

அதன் பிறகு சில விஷயங்கள் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒப்பனை அறையை விட்டு வெளியே வரும்போது என் செருப்புகள் நான் மாட்டிக்கொள்ள வசதியாக வாசல் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். சட்சுகோ அக்காவின் அன்பு என்று நினைத்து நன்றி சொன்னேன். "என் செருப்பையே திருப்பி வைக்க எனக்கு நேரமில்ல, உன் செருப்ப நான் ஏன் தொடப்போறேன்" என்றார். வீட்டில் மாடியில் உலர்த்திய என் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை காணாமல் போய், இரண்டு நாளில் தையல் விட்ட இடம் தைக்கப்பட்டுக் கொடியில் தொங்கியது. முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ரசிகன் இருந்தா பயம். இல்லாட்டி அதவிடப் பயம். உனக்கு எது வேணும், நீயே சொல்லு" என்றார்.

இன்று எடுக்க வேண்டிய காட்சியில் தங்கை தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும். நான்கு மணிக்கு மேல் ஒப்பனை அறையில் தனியாக உட்கார்ந்து வசனம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறை மாடியில் தாழ்வாரத்தின் கடைசி. சட்சுகோ அக்கா பொய்முடி எடுத்துவரக் கீழே போயிருந்தார். கதவு தட்டப்பட்டது. "வாங்க" என்றேன். துண்டுக்காரர் உள்ளே வந்து, மண்டியிட்டுக் கைகளைப் பாயில் ஊன்றி வணங்கினார்.

"காலை வணக்கம், கஸுயே சான்."

ஸ்டூடியோவில் எல்லோருக்கும் நான் ருகாதான். கஸுயே என்பதும், அதோடு வீட்டார் செல்லமாகச் சேர்க்கும் 'சான்' என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன், திரும்பவில்லை. அவர் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தாழ் விழுந்த சத்தத்தைக் கேட்டேன். அதன் பிறகு என் பின்னால் வந்து உட்கார்ந்து துண்டை விரித்தார். துண்டுக்குள் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. என் தாயாரின் கட்டைவிரல் காய்த்துப்போனதால் அவர் சுற்றிய நூல் அது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த கத்தரிக்கோல், ஆயிரம் கத்தரிக்கோல்களுக்கு நடுவில் வைத்தாலும் எனக்குத் தெரியும்.

"இது எப்பிடி உங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"அம்மா கடையிலேர்ந்து. போன வாரம் ஹிமிக்குப் போயிருந்தேன். ஸ்டூடியோவிலேர்ந்து வர்றேன்னு சொன்னதும் காசே வாங்கல, எனக்கு முடி வெட்டிவிட்டாங்க. என்ன மென்மையான கை."

"அம்மா எப்பிடி இருக்காங்க?"

"அமைதியா இருக்காங்க" என்றார்.

என் உயிர் அப்போதே பாதி போய்விட்டது. அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்கத் துணிவில்லை. இன்றைய காட்சிக்கு யாரோ கொண்டுவரும் கத்தரிக்கோல் எனக்கு ஆகாது, அம்மா கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும், அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அவர் நிதானமாக விளக்கினார். அதன் பிறகு என் இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியைப் பிடித்து வெட்டினார். கத்தரியின் நுனி காதில் பட்டது. குளிர்ந்திருந்தது. வெட்டிய முடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இனி வலது பக்கம்" என்றார்.

கத்த நினைத்தேன். தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து கத்தினாலும் கீழே கேட்காது. கண்ணாடியில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். முதுகு நேராக, முழங்கால் சேர்த்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் பெரியவர்கள் முன்னால் உட்காருவது போலவே இருந்தார். எங்கள் தொழிலின் மரியாதைகளை அவரைப்போல் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அந்த ஸ்டூடியோவிலேயே கிடையாது. அது நினைவுக்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது சொல்வதைப்போலக் குனிந்து, "உங்களுக்கு முன்னால கெளம்புறேன், மன்னிச்சுக்கங்க. இன்னிக்கு ரொம்ப உழைச்சீங்க" என்றேன்.

அவரும் சட்டென்று எழுந்தார். "நீங்களும் ரொம்ப உழைச்சீங்க" என்று சொல்லி இடுப்பு வரை வளைந்து வணங்கினார். எங்களிடத்தில், புறப்படுகிறவர் கண்மறையும் வரை கீழ்நிலை ஆள் தலை நிமிரக் கூடாது. நான் தாழை நீக்கினேன். ஓடினால் நிமிர்ந்துவிடுவார் என்று பயந்து தாழ்வாரத்தில் நடந்தேன். படிக்கட்டு வந்ததும் ஓடினேன். செருப்பு போடவில்லை.

கீழே நுமாதாதான் எதிரே வந்தார். என் தலையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நேத்து எடுத்த காட்சியோட ஒட்டாதே இது, யாரு வெட்டச் சொன்னா?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். சட்சுகோ அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விளக்குப் பிரிவு ஆட்கள் நான்கைந்து பேர் மேலே ஓடினார்கள். அவர்கள் போனபோதும் அந்த ஆள் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி தலை குனிந்தே நின்றுகொண்டிருந்தாராம். அவர்களே பிடித்துக் காவலரிடம் ஒப்படைத்தார்கள்.

அதன் பிறகு சட்சுகோ அக்கா கொடுத்த சில்லறையில் ஹிமிக்குத் தொலைபேசினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை என்றால் என்ன செய்வேன் என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அம்மா எடுத்தார்.

"என்னடி இந்த நேரத்துல, கடையில ஆளு உக்காந்திருக்கு."

அவரே பேசினார். "ஒங்க ஸ்டூடியோ தம்பி வந்துச்சே, என்ன மரியாதை, என்ன பணிவு. டீ குடுத்தேன். அன்னிலேர்ந்து என் கத்தரிக்கோலத்தான் காணோம். எங்கதான் வச்சேன்னு தெரியல, வயசாயிடுச்சு போ." கடையைப் பூட்டிவிட்டு இன்றே சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

அதன் பிறகு முதலாளி காரில் வந்து என்னை இங்கே அழைத்துவந்தார். வழியில் சொன்னார்: "நடந்தத சொல்லு, வேண்டாங்கல. வழி தப்பி உள்ள வந்துட்டான், நீ பயந்துட்ட, அவ்வளவுதான். தாழையும் கத்தரிக்கோலையும் விட்டுரு. ஒரு பொண்ணு, ஒரு ஆம்பள, பூட்டுன கதவு. நாளைக்குப் பத்திரிகையில இந்த மூணும்தாம்மா வரும். நீ நடிக்கிற மிட்டாய் விளம்பரமும் போகும், தொடரும் போகும். ஒன்ன நான் மக மாதிரி வச்சிருக்கேன்." அது பொய்யில்லை. அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் இந்த ஊரில் காலூன்றினேன். காய்ச்சல் வந்தபோது அவர் மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே இந்த வாக்குமூலத்தை நான் முதலில் வேறு மாதிரிச் சொன்னேன். கதவு திறந்திருந்தது, முடியை நானே வெட்டிக்கொண்டேன் என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்படியென்றால் அந்த ஆளைக் கண்டித்து எழுதி வாங்கிக்கொண்டு இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். அதிகாரி தாளைப் புரட்டி அந்த ஆளின் விலாசத்தைச் சொன்னார். முதலாளி வீட்டுக்கு நேரெதிரே உள்ள அடுக்கு வீட்டின் மாடி அது. என் துணிக்கொடி அந்த ஜன்னலுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில் அடுத்த அறையிலிருந்து அந்த ஆளைத் தாழ்வாரத்தின் வழியே அழைத்துப்போனார்கள். கதவு திறந்திருந்தது. என்னைக் கண்டதும் நின்று, முறைப்படி வணங்கி, "நாளைக்கும் உங்க தயவு வேணும்" என்றார். வேலை முடிந்து பிரியும்போது எங்களில் எல்லோரும் சொல்வதுதான். நான் யோசிப்பதற்குள் என் தலை தானாகக் குனிந்து, என் வாய் "நாளைக்கும் உங்க தயவு வேணும்" என்று பதில் சொல்லிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

அதைப் பார்த்த பிறகு, முன்பு எழுதியதை அடிக்கச் சொன்னேன். தாழ் போட்டது அவர். முடியை வெட்டியது அவர். கத்தரிக்கோல் என் தாயாருடையது. அவர் வெளியே வந்தால் நான் உயிரோடு இருப்பேன் என்ற நம்பிக்கை எனக்கில்லை, என் தாயார் இருப்பார் என்றும் இல்லை. புகார் கொடுக்கிறேன். தொடரும் விளம்பரமும் போனால் போகட்டும். இனி இந்தத் தொழிலுக்கு நான் போக முடியாது. எவர் 'காலை வணக்கம்' சொன்னாலும் பதில் சொல்லிவிடும் வாய் எனக்கு.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. மிரட்டிச் சொல்லவிடாமல் செய்தவரையும் மேலே குறிப்பிட்டிருக்கிறேன். மினாசே ருகா என்று கையெழுத்திட வேண்டாம் என்று நினைத்து என் வீட்டுப் பெயரையே எழுதினேன். கையெழுத்தோடு பதிக்க வேண்டிய என் பெயர் முத்திரை முதலாளியின் இரும்புப்பெட்டியில் இருப்பதால் இடது ஆள்காட்டி விரலின் ரேகை வைத்தேன். எல்லாவற்றையும் அதிகாரி உரக்கப் படித்துக் காட்டினார், சரி என்று ஒப்புக்கொண்டேன். புதிய விலாசம் உள்ள துண்டுத்தாளை மட்டும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை.

(ஒப்பம்) தெஷிமா கஸுயே
இடது ஆள்காட்டி விரல் ரேகை