காந்தம் வழுக்கிய இடம்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போகக் கூடாது. ஈரத்தில் எந்தப் பெயின்ட்டும் புதிதாக மினுங்கி ஆளை ஏமாற்றிவிடும். அன்று எங்கள் சஸெக்ஸ் வட்டாரம் முழுக்க நல்ல வெயில். சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை, இன்ஸ்பெக்டர்.

முப்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. கூரை மடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்களுக்கு வெளிப்புறத்தைச் சோதித்து எழுதிக் கொடுப்பேன். முதலில் படிவத்தின் மேல் பாதியை நிரப்புவேன். அதை முடிக்காமல் வண்டியைத் தொட மாட்டேன். பிறகு துணி சுற்றிய காந்தத்தைத் தகடு தகடாக வைத்துப் பார்ப்பேன். இரும்பு இருந்தால் ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்தால் வழுக்கி விழும்.

என்னைக் கூப்பிட்டது லெஸ்லி கார்விக். பத்தொன்பது வருடத்துக்கு முன் குடித்துவிட்டு என் தங்கை மோரீனைக் காரில் ஏற்றிப்போய் மரத்தில் மோதியவன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. செத்தவள் வந்து பேசவா போகிறாள் என்ற தைரியத்தில், "வண்டிய அவதான் ஓட்டினா" என்று கோர்ட்டில் சொன்னான். மோரீனுக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம். ஆனாலும் ஊர் அவளைத்தான் குடிகாரி என்றது. அம்மா அதைக் கேட்டுக் கேட்டே செத்தாள்.

எனக்கும் மோரீனுக்கும் பொதுவான குடும்பப் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தேன். ஹாலெட். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கொஞ்சம் தயங்கியிருந்தால்கூட நான் உண்மையை எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அது 1967ஆம் வருடத்துச் சிவப்பு வண்டி. கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே கதவுகளுக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டங்கள்தான். வலது பக்கம் காந்தத்தை வைத்தேன். வழுக்கி விழுந்தது. இடது பக்கமும் விழுந்தது. கதவின் மேல் இடைவெளியில் நூல் நுழையாது, கீழே விரலே நுழைந்தது. வண்டி நடுவில் தொய்ய ஆரம்பித்திருந்தது.

கார்விக் டீக் கோப்பையோடு வந்து நின்றான். "என்ன ஹாலெட், டாக்டர் மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறீங்க? ஆளு பொழைக்குமா?"

"நம்ம ரெண்டு பேர விடவும் நல்லா இருக்கு."

"அப்படிப் போடுங்க! என் பொண்டாட்டிதான் சும்மா பயந்து சாவுறா."

'துரு இல்லை. வெளிப்புறம் மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. எனக்குப் பிறகு வேறு யாரும் அதைக் குனிந்து பார்க்கப் போவதில்லை.

நான் குறிவைத்தது அவனை மட்டும்தான். அதிலிருந்து மூன்றாவது ஞாயிறு மதியம் கடற்கரைச் சரிவில், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி நடுவில் மடிந்து சுவரில் மோதியது. ஓட்டியது அவன் மகள் இமோஜென். அவள் அங்கேயே போய்விட்டாள். பக்கத்தில் இருந்த அவனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. உங்களிடம் அவன் சொன்னது என்ன? "வண்டிய அவதான் ஓட்டினா." இந்த முறை அது உண்மை. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லையாம். அதைக் கேட்டு எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் வருத்தம்தான். அவள் ஓட்டுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதையே மூன்று நாளாகச் சொல்கிறேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது அந்தப் படிவத்தை என் பக்கம் நகர்த்துகிறீர்கள். மேல் பாதியில், யாருக்காக வாங்கும் வண்டி என்ற இடத்தில், என் கையெழுத்தில் இமோஜென் கார்விக் என்று இருக்கிறது. வயது எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. நானே அவனிடம் கேட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு.