எழுத்தும் பேச்சும் ஒத்துப்போகிற பதிப்பு

மாடியக்கா: வாடகைக்கு இந்தப் பட டிஸ்க் ஆகாது தம்பி. டப்பிங் இருக்கு, கீழே எழுத்து இல்ல.

கடைத்தம்பி: இந்த ஒரு வாரம் சமாளிக்கச் சொல்லுங்கக்கா.

மாடியக்கா: யாரு சமாளிக்கறது? கீழ் வீட்டு டெலிபோன் அம்மாவா? பக்கத்துல இடி விழுந்தாக்கூட, யாரு லைட் போட்டதுன்னு திரும்பிப் பாக்கற ஆளு.

கடைத்தம்பி: அப்ப இது? வெளிநாட்டுப் பேச்சு, கீழே தமிழ் எழுத்து. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

மாடியக்கா: இருந்து? அவங்க வீட்டுக்காரர் புரூஃப் அய்யாவுக்குக் கண்ணு போயி நாலு வருசம். முப்பது வருசம் பிரஸ்ல உக்காந்து அடுத்தவன் தப்பத் தேடித் தேடியே தீத்துட்டார்.

கடைத்தம்பி: அந்தம்மா எக்ஸ்சேஞ்சுல அடுத்தவங்க பேச்சக் கேட்டுக் கேட்டே காதத் தீத்துட்டாங்க.

மாடியக்கா: கேட்டதுல ஒரு வார்த்தைய யார்கிட்டயாவது சொல்லியிருப்பாங்களா? ம்ஹூம். என்னால அதத்தான் தாங்க முடியாது.

கடைத்தம்பி: அந்த வேலைல உங்கள வெச்சிருந்தா...

மாடியக்கா: ஊருக்கு ஒரே லைன் போதும்னு சொல்ல வர்ற. சொல்லு, சொல்லு.

கடைத்தம்பி: சிரிப்புப் படம் ஒண்ணு வந்திருக்கு. ரெண்டும் இருக்கு. அய்யாவுக்குப் பேச்சு, அம்மாவுக்கு எழுத்து.

மாடியக்கா: சிரிப்புப் படம் வேணாம்.

கடைத்தம்பி: ஏன்?

மாடியக்கா: வேணாம்னா வேணாம். போன வாரம் ஒரு கப்பல் படம் குடுத்தியே...

கடைத்தம்பி: நல்ல படமாச்சே. புதுப் பதிப்பு.

மாடியக்கா: நல்ல படம்தான். அதப் போட்டதுலருந்து கீழ் வீட்டுல சண்டை. கடைசியில ஒரு தாய் துறைமுகத்துல நின்னு கேப்பா இல்ல, 'என் மகன் எங்கே'ன்னு... எழுத்துல 'மூழ்கிவிட்டான்'னு வருது. அம்மா படிச்சுட்டு கண்ணத் தொடைக்கறாங்க. டப்பிங்ல 'வேற கப்பல்ல ஏறிட்டான்மா'ன்னு சொல்றான். அய்யா நிம்மதியா மூச்சு விடறார்.

கடைத்தம்பி: உங்களுக்கு எப்பிடி இதெல்லாம்...

மாடியக்கா: டீ குடுக்கப் போனேன். டீ ஆற வரைக்கும் நின்னேன். அப்பறம் படம் முடியற வரைக்கும் நின்னேன். அத விடு. அம்மா 'பாவம், செத்துட்டான்'ங்கறாங்க. அய்யா சிலேட்டுல 'சாகலை'ன்னு எழுதிக் காட்டறார். புரூஃப் பாத்த கை... இப்ப வரி மேல வரி ஏறுது. சத்தம் போடறது ஒரு ஆளு. இன்னொரு பக்கம் சாக்பீஸ் கீச்சு கீச்சுங்குது.

கடைத்தம்பி: அது அப்பிடித்தான்க்கா. டப்பிங்குக்கு வாய் அசையற அளவுக்கு வசனம் எழுதணும். எழுத்துன்னா ரெண்டு வரிக்குள்ள அடக்கணும். எழுதறதும் வேற வேற ஆளு. ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் பாக்கறதே இல்ல.

மாடியக்கா: பாத்தா என்ன, குறைஞ்சா போயிடுவாங்க? ரெண்டும் ஒத்துப்போற பதிப்பு இல்லையா அந்தப் படத்துல?

கடைத்தம்பி: ... இல்லக்கா.

மாடியக்கா: யோசிச்சுச் சொல்ற.

கடைத்தம்பி: தூசி... தொண்டையில போயிடுச்சு.

மாடியக்கா: சரி. கப்பல்ல ஆரம்பிச்ச சண்டை மகன்ல வந்து நின்னுச்சு.

கடைத்தம்பி: எந்த மகன்?

மாடியக்கா: அவங்களுக்கு என்ன, ஒன்பதா இருக்கு? உன்கூடப் படிச்சவன்தான். வெளிநாட்டுல இருக்கறவன். 'அடுத்த மாசம் வர்றேன்னு கடுதாசி போட்டிருக்கான்'னு அம்மா சொல்றாங்க. 'ரெண்டு வருசத்துக்கு லீவே இல்லன்னு போன்ல சொன்னான்'னு அய்யா எழுதறார்.

கடைத்தம்பி: அடுத்த மாசமா? அப்பிடி யாரு எழு... அவன் ஏன் அப்பிடி எழுதினான்?

மாடியக்கா: அந்த டப்பாவ எத்தன தடவ தொடைப்ப தம்பி? அட்டைப் படமே அழிஞ்சுடும்.

கடைத்தம்பி: இல்ல... கடுதாசி மாசாமாசம் வருதாக்கா?

மாடியக்கா: வருது. போன் ஞாயித்துக்கிழமை வருது. நாலு மணிக்கு. நாலு மணிக்குத்தான் உன் கடை ஷட்டர் பாதிக்கு இறங்குது. நாலே காலுக்கு ஏறுது.

கடைத்தம்பி: எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்கு மாசத்துக்கு ஒரு தடவ நீங்க போறீங்க. ஒரு பக்கம் டைப் அடிக்கச் சொல்றீங்க. யாரும் எட்டிப் பாக்காம கையால மறைச்சுக்கறீங்க. நீங்க, மறைக்கறீங்க!

மாடியக்கா: உனக்கு எப்பலருந்து தெரியும்?

கடைத்தம்பி: எட்டு மாசமா. அவன் ரூம்காரன் எனக்குத்தான் போன் பண்ணான். கட்டடச் சாரம் சரிஞ்சு விழுந்துட்டானாம். அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். 'நீ நேர்ல போய்ச் சொல்லிடு'ன்னான். போனேன்க்கா. கதவத் தொறந்ததும் அய்யா என் தோளத் தடவிப் பாத்துட்டு, 'அவன் உசரம்தான் நீயும்'னார். ஒரு படத்த வாடகைக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மாடியக்கா: எனக்கு அவன் கம்பெனிலருந்து வந்த கடுதாசி. தபால்காரர் மணி அடிச்சா அம்மாவுக்குக் கேக்காது, அய்யாவால கையெழுத்துப் போட முடியாது. எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான்தான் சும்மா இருக்க மாட்டேனே... கவர ஆவியில காட்டிப் பிரிச்சேன். பிறந்ததுலருந்து எத்தனையோ கடுதாசி பிரிச்சிருக்கேன். ஒண்ணும் என்னை இப்பிடித் திருப்பி அடிச்சதில்ல.

கடைத்தம்பி: அதுக்கு 'அடுத்த மாசம் வர்றேன்'னா எழுதுவீங்க?

மாடியக்கா: அந்தம்மா தலையணை உறை தைச்சுக்கிட்டிருந்தாங்க, அவன் கட்டிலுக்கு. அதப் பாத்துட்டுப் போனேன். வாய் அப்பிடிச் சொல்லிடுச்சு, ஜெராக்ஸ் கடைக்காரன் அடிச்சுட்டான். அது இருக்கட்டும், பெத்தவருக்குக் குரல் தெரியாதா? எப்பிடிப்பா பேசின?

கடைத்தம்பி: 'சளிப்பா'ன்னுவேன்.

மாடியக்கா: எட்டு மாசமா சளியா?

கடைத்தம்பி: குளிர் நாடுன்னு சொல்லியிருக்கேன்.

மாடியக்கா: ம்ம். கூத்துதான் போ.

கடைத்தம்பி: ஒண்ணு பண்ணலாம்க்கா. இனிமே நீங்க எழுதறத மொதல்ல எனக்குக் காட்டுங்க. நானும் என்ன பேசினேன்னு வந்து சொல்லிடறேன். லீவு கிடைச்சும் டிக்கெட் கிடைக்கலன்னு ரெண்டுலயும்...

மாடியக்கா: இதப் படிச்சுட்டு அப்பறம் பேசு.

கடைத்தம்பி: என்னது?

மாடியக்கா: படம் எடுக்கச் சீட்டு. அம்மா குடுத்தாங்க.

கடைத்தம்பி: 'மகன் இறந்துபோகிற படம் ஒன்று. பேச்சில் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்க வேண்டும். என் வாயால் சொல்ல முடியவில்லை.' ... அக்கா...

மாடியக்கா: பின்னாடி திருப்பு.

கடைத்தம்பி: 'அன்புள்ள அம்மாவுக்கு'... இது நீங்க அடிச்ச கடுதாசியாச்சே.

மாடியக்கா: ஆமா. எழுதினவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல. கையத் தட்டிக் குடுத்தாங்க. அவன் போட்ட பழைய கவர்ல புதுக் கடுதாசி வெச்சா அவங்க கண்ணுக்குத் தெரியாதா? கண்ணு ஒண்ணுதானே அவங்களுக்கு மிச்சம். இருக்கா, அப்பிடி ஒரு படம்?

கடைத்தம்பி: இருக்கு. அதே கப்பல் படம்தான். பழைய பதிப்பு. படம் கொஞ்சம் மங்கலா இருக்கும். ஆனா பேச்சுலயும் 'மூழ்கிட்டான்'தான். குழந்தைங்க பாக்கணும்னு புதுப் பதிப்புல டப்பிங்க மட்டும் மாத்தினாங்க.

மாடியக்கா: இல்லன்னியே?

கடைத்தம்பி: போன வாரம் ரெண்டும் என் கையில இருந்துச்சு. வேணும்னேதான் புதுசக் குடுத்தேன். அய்யா காதுல அந்த வார்த்தை விழ வேணாம்னு.

மாடியக்கா: எடு அத.

கடைத்தம்பி: இந்தாங்க. தனி டிஸ்க்தான், உறை கிழிஞ்சிருக்கு. ... வேணாம்க்கா. அம்மாவுக்குத் தெரிஞ்சுடுச்சு, சரி. அய்யாவுக்கு எதுக்கு? கண்ணும் இல்ல. அந்தக் கால் மணி நேரப் பேச்சுதான் அவருக்கு வாரம் முழுக்க. ஞாயித்துக்கிழமை நான் என்னத்தப் பேசுவேன்?

மாடியக்கா: படியிறங்கும்போது அவரும் என்னைக் கூப்பிட்டார் தம்பி. 'மகன் சாகற படமாப் பாரும்மா. எழுத்துல மழுப்பாம இருக்கணும், அவ படிக்கட்டும். நானும் சிலேட்ட மடியில வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், எழுத வரல'ன்னார். போன்ல ஐஸ் வண்டி மணி கேக்குதாம். அதே நேரத்துல அதே மணியும், அதுக்கு முன்னாடி உன் ஷட்டர் இறங்கற சத்தமும் சன்னல் வழியாவும் கேக்குதாம், மொத வாரத்துலருந்தே. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஷட்டர இறக்க வேணாம்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னார்.